ஏடபிள்யூஎஸ் ஏபிஐ எம்சிபி சர்வர்: விபிசி பற்றி ஏஜென்ட் சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

"பிரைவேட் சப்நெட்டில் இருக்கும் சர்வரிலிருந்து வெளியே போக முடியவில்லை" என்று ஒரு டிக்கெட் வந்தால், ஏடபிள்யூஎஸ் கன்சோலில் குறைந்தது ஆறு பக்கங்களைத் திறந்தாக வேண்டும். இன்ஸ்டன்ஸ் (அதாவது அந்த ஈசி2 சர்வர்), அதன் ஈஎன்ஐ (நெட்வொர்க் கார்டு), சப்நெட் (நெட்வொர்க்கின் ஒரு துண்டு), ரூட் டேபிள் (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியல்), நாட் கேட்வே (பிரைவேட் சப்நெட்டிலிருந்து வெளியே போகும் வாசல்), செக்யூரிட்டி குரூப் (சர்வருக்கான ஃபயர்வால்). அதற்கும் பிறகு நெட்வொர்க் ஏசிஎல் (சப்நெட்டுக்கான ஃபயர்வால்). ஒன்றிலிருந்து ஐடியை எடுத்து அடுத்ததில் ஒட்டிக்கொண்டே போகும் இந்த வேலையை ஒரு ஏஐ ஏஜென்ட்டிடம் தள்ளிவிடலாமா? ஏஜென்ட்டுக்காக ஏடபிள்யூஎஸ் கட்டளைகளை ஓட்டித் தரும் ஏடபிள்யூஎஸ் ஏபிஐ எம்சிபி சர்வரை வைத்துத் தாராளமாகத் தள்ளலாம். கேட்டதைத் தவறில்லாமல் எடுத்துக் கொடுக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: கிடைத்த ஜேசனில் (விடை வரும் தரவு வடிவம்) ஒன்று இல்லாவிட்டால், அது நெட்வொர்க்கிலேயே இல்லை என்று ஏஜென்ட் முடிவு கட்டிவிடும். விபிசியை, அதாவது ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் உங்களுக்கென்று உள்ள தனி நெட்வொர்க்கை, பொறுத்தவரை அந்த முடிவு பல இடங்களில் தப்பு. அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் சர்வரைப் பற்றி இல்லை, அது கொண்டுவரும் விடையைப் படிக்கும் விதத்தைப் பற்றித்தான்.

என்ன இது

ஏடபிள்யூஎஸ் லேப்ஸ் கிட்ஹப்பில் வைத்திருக்கும் எம்சிபி சர்வர் தொகுப்பில் ஒன்று. அப்பாச்சி 2.0 உரிமம், பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் வேண்டும். எம்சிபி, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட நெறிமுறை. ஏஜென்ட்டும் கருவியும் ஜேசன்-ஆர்பிசி 2.0 வடிவத்தில் பேசிக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் சர்வர் என்றால் பெரும்பாலும் எஸ்டிடிஐஓ (நிரலின் உள்ளீடு-வெளியீடு) வழியாக.

பெயரில் ஏபிஐ இருந்தாலும் உள்ளே நடப்பது சிஎல்ஐதான், அதாவது டெர்மினலில் எழுதும் ஏடபிள்யூஎஸ் கட்டளைகள். கால்-ஏடபிள்யூஎஸ் என்ற டூல், ஒரு முழு சிஎல்ஐ கட்டளையை எழுத்தாக வாங்கி, சரிபார்த்து, ஓட்டி, ஜேசனைத் திருப்பித் தரும். சஜஸ்ட்-ஏடபிள்யூஎஸ்-கமாண்ட்ஸ் என்ற இன்னொரு டூல், எந்தக் கட்டளை என்று மாடலுக்குத் தெரியாதபோது பொருத்தமான சில கட்டளைகளை அவற்றின் அளவுருக்களோடு எடுத்துக் காட்டும். விபிசி வேலைக்கு இரண்டாவது அநேகமாகத் தேவையே படாது. டிஸ்க்ரைப்-விபிசிஸ், டிஸ்க்ரைப்-சப்நெட்ஸ் எல்லாம் எந்த மாடலுக்கும் தலைகீழ்ப் பாடம்.

இதில் உருப்படியான ஒரு முடிவு: கட்டளை ஷெல்லுக்குப் போவதில்லை. விடையை வடிகட்ட பைப் கிடையாது, கிரெப் கிடையாது, ஜேக்யூ கிடையாது. ஏஜென்ட்டுக்கு டெர்மினலையே திறந்து கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பாதுகாப்பு. ஆனால் விடையைச் சுருக்க சிஎல்ஐயின் சொந்த ஃபில்டர் (எந்த உருப்படிகள் வேண்டும்), க்வெரி (அவற்றில் எந்தப் புலங்கள் வேண்டும்) இரண்டு மட்டுமே மிச்சம். க்வெரியில் ஒரு குழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நிறுவும்போது

யுவி என்ற பைத்தான் கருவியை நிறுவியிருந்தால் போதும். யுவிஎக்ஸ் மூலம் சர்வரை அழைக்கும் நாலைந்து வரிகள் கன்ஃபிக் கோப்பில். உதாரணங்களில் பதிப்பு இடத்தில் 'லேட்டஸ்ட்' என்று இருக்கும். அதை அப்படியே விடாதீர்கள். இந்தத் தொகுப்பு வேகமாக மாறிக்கொண்டிருக்கிறது. நேற்று வரை ஓடிய கன்ஃபிக் இன்று வேறு மாதிரி நடந்துகொண்டால் காரணம் கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். ஒரு பதிப்பு எண்ணைப் போட்டுப் பூட்டிவிட்டு, மாற்றக் குறிப்பைப் படித்த பிறகு ஏற்றுங்கள்.

டெஸ்க்டாப் செயலியிலிருந்து ஓட்டும்போது சர்வர் எழும்பவே இல்லை என்றால், பத்தில் ஒன்பது முறை பாத் (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) பிரச்சினைதான். ஐகானைச் சொடுக்கித் திறந்த செயலிக்கு உங்கள் ஷெல்லின் பாத் தெரியாது. யுவிஎக்ஸ் இருக்கும் முழுப் பாதையையும் கன்ஃபிக்கில் எழுதினால் சரியாகிவிடும்.

சூழல் மாறிகளில் மூன்றைக் கட்டாயம் நிரப்புங்கள்: ப்ரொஃபைல் பெயர், ரீஜன் (எந்த ஊர் டேட்டா சென்டர்கள்), ரீட்-ஆபரேஷன்ஸ்-ஒன்லி. மூன்றாவதன் இயல்பு மதிப்பு ஃபால்ஸ். அதாவது நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எழுதும் கட்டளைகளுக்கும் கதவு திறந்தே கிடக்கும். விவரம் பார்ப்பதற்கு மட்டும் வைக்கும் சர்வரில் இதை ட்ரூ என்று மாற்றாமல் முதல் கேள்வியைக்கூடக் கேட்கக் கூடாது. எஸ்எஸ்ஓ (ஒற்றை உள்நுழைவு) ப்ரொஃபைல் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: டோக்கன் காலாவதியானால் ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப முயன்று பார்த்து, கடைசியில் "உங்களுக்கு அனுமதி இல்லை போலிருக்கிறது" என்று தவறாகச் சொல்லும். அனுமதி இருக்கிறது, மறுபடி லாகின் செய்தால் போதும்.

அனுமதிப் பட்டியல்

ரீட் ஒன்லி என்று ட்ரூ போட்டாயிற்றே, பிறகு ஐஏஎம் (ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி அமைப்பு) எதற்கு என்று கேட்காதீர்கள். அந்த மாறி சர்வருக்குள் இருக்கும் ஒரு தாழ்ப்பாள்தான். உண்மையான பூட்டு ஐஏஎம் ரோல். ஏஜென்ட்டுக்கென்று தனி ரோல் ஒன்று உருவாக்குங்கள். உங்கள் அட்மின் ப்ரொஃபைலை அதன் கையில் கொடுப்பதை எந்த வசதிக்காகவும் நியாயப்படுத்த முடியாது.

ரீட்ஒன்லிஆக்ஸஸ் என்று ஏடபிள்யூஎஸ்ஸே தரும் பாலிசி, எஸ்3 பக்கெட்டில் உள்ள கோப்புகளைப் படிப்பது வரை திறந்துவிடும். நெட்வொர்க் பார்க்க அது எதற்கு? சரி, ஈசி2 டிஸ்க்ரைப் நட்சத்திரம் (டிஸ்க்ரைப் என்று தொடங்கும் எல்லாமே) மட்டும் போடலாம் என்றால், அதிலும் மூன்று கண்ணிவெடிகள் உண்டு. டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்ஸ்-ஆட்ரிப்யூட், ஈசி2 சர்வரின் யூசர் டேட்டாவை (தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட்) காட்டும், டிஸ்க்ரைப்-லாஞ்ச்-டெம்ப்ளேட்-வெர்ஷன்ஸும் காட்டும். யூசர் டேட்டாவில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எழுதி வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் எழுதி வைத்திருப்பார்கள். மூன்றாவது இன்னும் மோசம், ஏனென்றால் அது நெட்வொர்க் கட்டளை. டிஸ்க்ரைப்-விபிஎன்-கனெக்ஷன்ஸ் தரும் விடையில் கஸ்டமர் கேட்வே கன்ஃபிகரேஷன் என்ற புலம் இருக்கும். அதற்குள் இருக்கும் எக்ஸ்எம்எல்லில் டன்னலின் ப்ரீ-ஷேர்ட் கீ (இரு முனைகளும் பகிரும் ரகசியச் சாவி) வெளிப்படையாகவே வரலாம். "ஆபீஸ் விபிஎன் நிலை என்ன?" என்று அப்பாவியாகக் கேட்ட ஒரே கேள்வியில் அந்தச் சாவி மாடலின் கான்டெக்ஸ்டுக்குள் போய்விடும். அங்கிருந்து சாட் பதிவுகளுக்கும் போகும்.

எனவே நட்சத்திரம் வேண்டாம், பெயர் பெயராக எழுதுங்கள். விபிசிஸ், விபிசி-ஆட்ரிப்யூட், சப்நெட்ஸ், ரூட்-டேபிள்ஸ், இன்டர்நெட்-கேட்வேஸ், நாட்-கேட்வேஸ், நெட்வொர்க்-ஏசிஎல்ஸ், செக்யூரிட்டி-குரூப்ஸ், செக்யூரிட்டி-குரூப்-ரூல்ஸ், நெட்வொர்க்-இன்டர்ஃபேசஸ், விபிசி-எண்ட்பாயின்ட்ஸ், விபிசி-பியரிங்-கனெக்ஷன்ஸ், மேனேஜ்டு-ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட்ஸ். இவை எல்லாம் டிஸ்க்ரைப் வகை. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு குறிப்பிட்ட விபிசிக்கு மட்டும் என்று ரிசோர்ஸ் அளவில் சுருக்க முடியாது. ரிசோர்ஸ் இடத்தில் நட்சத்திரம்தான் போட்டாக வேண்டும். ரீஜனைக் கண்டிஷனில் கட்டுப்படுத்தலாம்.

டிஸ்க்ரைப் என்று தொடங்காத இரண்டை மறந்துவிடுவார்கள். ஒன்று கெட்-மேனேஜ்டு-ப்ரிஃபிக்ஸ்-லிஸ்ட்-என்ட்ரீஸ். செக்யூரிட்டி குரூப் விதியில் ஐபிக்குப் பதில் ஒரு ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட் ஐடி இருந்தால், இந்த அனுமதி இல்லாத ஏஜென்ட்டுக்கு அதற்குள் எந்த முகவரிகள் இருக்கின்றன என்று தெரியாது. இன்னொன்று சர்ச்-டிரான்சிட்-கேட்வே-ரூட்ஸ். பல விபிசிகளை இணைக்கும் டிரான்சிட் கேட்வே வைத்திருப்பவர்களுக்கு இது இல்லாமல் பாதி வழிதான் தெரியும்.

வெற்று விடை என்னும் பொறி

இனி விஷயத்துக்கு வருவோம். 10.20.0.0/16 விபிசி, அதில் 10.20.3.0/24 சப்நெட். "இந்த சப்நெட்டின் ரூட் டேபிள் என்ன?" என்று கேட்கிறீர்கள். ஏஜென்ட் டிஸ்க்ரைப்-ரூட்-டேபிள்ஸை எடுத்து, அசோசியேஷன்.சப்நெட்-ஐடி என்ற ஃபில்டரில் சப்நெட் ஐடியைப் போட்டு அழைக்கும். முறையான கட்டளை, ஒரு பிழையும் இல்லை. விடை: காலிப் பட்டியல்.

ஏஜென்ட் அறிக்கை: "இந்த சப்நெட்டுக்கு ரூட் டேபிள் இணைக்கப்படவில்லை. அதனால்தான் இணைப்பு இல்லை. புதிய ரூட் டேபிள் ஒன்றை உருவாக்கி இணைக்கப் பரிந்துரைக்கிறேன்."

ரூட் டேபிள் இல்லாத சப்நெட் என்று ஒன்று கிடையவே கிடையாது. நீங்களாக எதையும் இணைக்காத சப்நெட், அந்த விபிசியின் மெயின் ரூட் டேபிளைத் தானாகவே பின்பற்றும். அந்த மறைமுக உறவு அசோசியேஷன் பட்டியலில் எழுதப்படுவதில்லை, அதனால் ஃபில்டருக்கும் அகப்படுவதில்லை. சரியான வழி: முதல் அழைப்பு காலியாக வந்தால், விபிசி ஐடியோடு அசோசியேஷன்.மெயின் ட்ரூ என்ற ஃபில்டரைப் போட்டு இரண்டாவது அழைப்பு. இதில் ஏஜென்ட் ஏமாறுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. நெட்வொர்க் ஏசிஎல்லுக்கு இதே பெயரில் இதே ஃபில்டர் உண்டு, அங்கே அது எப்போதும் விடை தரும், ஏனென்றால் டிஃபால்ட் ஏசிஎல்லோடு உள்ள இணைப்பும் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். ஒரே பெயர், இரண்டு நடத்தை.

அந்தப் பரிந்துரையை நம்பி யாராவது புதிய ரூட் டேபிளை இணைத்தால் என்ன ஆகும்? மெயின் டேபிளில் இருந்த பியரிங் (இன்னொரு விபிசியோடு நேரடி இணைப்பு) வழி, எஸ்3 எண்ட்பாயின்ட் (இன்டர்நெட்டுக்குப் போகாமல் எஸ்3யை அடைவது) வழி எல்லாம் அந்த சப்நெட்டுக்கு ஒரே நொடியில் போய்விடும். புதிய டேபிளில் லோக்கல் வழி மட்டும்தான் இருக்கும். வெளியே போக முடியாத சர்வர், பக்கத்து விபிசிக்கும் போக முடியாத சர்வராகிவிடும்.

அடுத்தது ரீஜன். மும்பையில், அதாவது ஏபி-சவுத்-1ல், எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஒரு குழு ரீஜனைக் குறிப்பிட மறந்து, கேள்வி வர்ஜீனியாவுக்குப் போய்விட்டது என்று வையுங்கள். காலிப் பட்டியல் வந்திருந்தால்கூட யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். காலியாக வராது. யாரும் அழிக்காத டிஃபால்ட் விபிசி ஒன்று அங்கே 172.31.0.0/16ல் உட்கார்ந்திருக்கும், கூடவே /20 அளவில் சப்நெட்டுகளும். ஏஜென்ட் அதை அழகாக வருணித்து, "உங்கள் எல்லா சப்நெட்டும் பப்ளிக்" என்று எச்சரிக்கை வேறு தரும். விடையில் 172.31 என்று தொடங்கும் முகவரியோ, இஸ்-டிஃபால்ட் ட்ரூ என்பதோ தெரிந்தால் முதலில் ரீஜனைப் பாருங்கள். ஒவ்வொரு கட்டளையிலும் ரீஜனை வெளிப்படையாக எழுதச் சொல்லி ஏஜென்ட்டுக்கு விதி வைப்பதுதான் தீர்வு. சூழல் மாறியை மட்டும் நம்ப வேண்டாம்.

க்வெரி குழி என்று சொன்னேனே, அது இது. ரூட் டேபிளின் ஒவ்வொரு வழியிலும் 'எங்கே' என்பதற்கு ஒரே புலம் இல்லை. இன்டர்நெட் கேட்வேயும் கேட்வே வகை எண்ட்பாயின்ட்டும் கேட்வே-ஐடி புலத்தில் வரும். நாட் என்றால் நாட்-கேட்வே-ஐடி. டிரான்சிட் கேட்வே, பியரிங், ஈஎன்ஐ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. சேருமிடத்துக்கும் அப்படியே: ஐபிவி4, ஐபிவி6, ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட் என்று மூன்று புலங்கள். டோக்கனை மிச்சம் பிடிக்க ஏஜென்ட் க்வெரியில் டெஸ்டினேஷன்-சிஐடிஆர், கேட்வே-ஐடி இரண்டை மட்டும் எடுத்தால், நாட் வழியாகப் போகும் 0.0.0.0/0 வரியின் எதிரே நல் (மதிப்பு இல்லை) என்று வந்து நிற்கும். "டிஃபால்ட் வழிக்கு இலக்கு இல்லை" என்று எழுதிவிடும். ரூட் டேபிளுக்கு மட்டும் க்வெரி வைத்துப் புலங்களை வெட்ட வேண்டாம். ஒரு டேபிள் ஒன்றும் அவ்வளவு பெரிதில்லை, முழுதாக வரட்டும்.

வழி இருக்கிறது என்பதோடு நிற்கவும் கூடாது. ஒவ்வொரு வழிக்கும் ஸ்டேட் உண்டு. நாட் கேட்வேயை அழித்த பிறகும் அதைச் சுட்டும் வரி டேபிளில் அப்படியே கிடக்கும், ஸ்டேட் மட்டும் பிளாக்ஹோல் (செத்த வழி) ஆகியிருக்கும். அழித்த நாட் கேட்வேயும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரை டிஸ்க்ரைப் விடையில் தலைகாட்டும், டெலிட்டட் என்ற நிலையோடு. ஐடி கண்ணில் பட்டதும் "நாட் இருக்கிறது" என்று ஏஜென்ட் திருப்தி அடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட் உயிரோடு இருந்தாலும் அதன் வகை பப்ளிக்கா பிரைவேட்டா, அது உட்கார்ந்திருக்கும் சப்நெட்டுக்கு இன்டர்நெட் கேட்வே வழி உண்டா என்று இன்னொரு அடி போய்ப் பார்த்தால்தான் விடை முழுமை.

பப்ளிக் சப்நெட் என்ற குழப்பத்தையும் சொல்லியாக வேண்டும். சப்நெட் விவரத்தில் 'பப்ளிக்' என்று ஒரு புலம் கிடையாது. மேப்-பப்ளிக்-ஐபி-ஆன்-லாஞ்ச் என்று ஒன்று இருப்பதால் மாடல்கள் அதையே பிடித்துக்கொள்ளும். அது புதிதாகத் தொடங்கும் சர்வருக்குத் தானாகப் பொது ஐபி கொடுக்கலாமா என்பதற்கான விருப்பம் மட்டுமே. பப்ளிக்கா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, ரூட் டேபிளில் இன்டர்நெட் கேட்வேக்குப் போகும் வழி. பெயர் டேக்கில் 'பிரைவேட்' என்று எழுதியிருப்பதைச் சான்றாக எடுக்கும் ஏஜென்ட்டும் உண்டு. டேக் யாரோ தட்டச்சு செய்தது.

விபிசியின் முகவரி வீச்சு கேட்டால் சிஐடிஆர்-பிளாக் என்ற புலத்தை மட்டும் படித்துவிட்டுச் சொல்வது இன்னொரு வழக்கம். அதில் முதன்மை வீச்சு மட்டும்தான். பிறகு சேர்த்த வீச்சுகள் சிஐடிஆர்-பிளாக்-அசோசியேஷன்-செட்டில் இருக்கும். பியரிங் போடும் முன் முகவரி மோதல் பார்க்க இந்தக் கருவியைப் பயன்படுத்தினால், இந்த ஒரு கவனக்குறைவு மொத்தத் திட்டத்தையும் கவிழ்க்கும்.

டிஎன்எஸ் சிக்கலில் ஏஜென்ட் இல்லாத இடத்தில் தேடும். டிஎன்எஸ் சப்போர்ட், டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம்ஸ் இரண்டும் டிஸ்க்ரைப்-விபிசிஸ் விடையில் வராது. டிஸ்க்ரைப்-விபிசி-ஆட்ரிப்யூட்டைத் தனியாக அழைக்க வேண்டும், அதுவும் ஒரு அழைப்புக்கு ஒரு ஆட்ரிப்யூட். பிரைவேட் டிஎன்எஸ் வைத்த இன்டர்ஃபேஸ் எண்ட்பாயின்ட் வேலை செய்யாதபோது முதலில் பார்க்க வேண்டியதே இந்த இரண்டுதான்.

எங்கே அசத்துகிறது

குறைகளையே அடுக்கிவிட்டேன், நன்றாகச் செய்வதையும் சொல்ல வேண்டும். மிச்ச ஐபி கணக்கு இதன் தனிச் சிறப்பு. டிஸ்க்ரைப்-சப்நெட்ஸ் விடையில் ஒவ்வொரு சப்நெட்டுக்கும் அவெய்லபிள்-ஐபி-அட்ரஸ்-கவுன்ட் இருக்கிறது. ஐடி, வீச்சு, ஏஇசட் (அவெய்லபிலிட்டி ஸோன்), மிச்சம் என்று நாலு புலங்களை க்வெரியில் எடுத்தால் முப்பது சப்நெட் என்றாலும் விடை சின்னதாக வரும், ஏஜென்ட் அதை அட்டவணையாக்கித் தரும். ஒவ்வொரு சப்நெட்டிலும் முதல் நான்கும் கடைசி ஒன்றுமாக ஐந்து முகவரிகளை ஏடபிள்யூஎஸ் எடுத்துக்கொள்வதால் /24ல் 251, /28ல் 11தான் உங்களுக்கு. அப்ளிகேஷன் லோட் பேலன்சர் வைக்க சப்நெட் குறைந்தது /27 ஆகவும், அதில் 8 முகவரிகள் காலியாகவும் இருக்க வேண்டும். "லோட் பேலன்சர் வைக்க இடமில்லாத சப்நெட் எவை?" என்று கேட்டால் ஒரே அழைப்பில் சரியான விடை வருகிறது. கன்சோலில் இதைக் கண்ணால் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"10.20.3.57 யாருடையது?" என்ற கேள்வியும் அப்படித்தான். டிஸ்க்ரைப்-நெட்வொர்க்-இன்டர்ஃபேசஸில் அட்ரசஸ்.பிரைவேட்-ஐபி-அட்ரஸ் ஃபில்டர் போட்டால் ஈஎன்ஐ, அதன் செக்யூரிட்டி குரூப்கள், விளக்கம் எல்லாம் வரும். ஈசி2 சர்வரே இல்லாத லாம்டா, லோட் பேலன்சர், எண்ட்பாயின்ட் முகவரிகளையும் இந்த வழியில் விளக்கப் புலத்தை வைத்து அடையாளம் காணலாம்.

செக்யூரிட்டி குரூப் ஒப்பீடும் நன்றாக வருகிறது, ஆனால் டோக்கனைத் தின்னும். ஒரு குரூப்பில் உள்ளே வர 60, வெளியே போக 60 விதிகள் என்பது இயல்பு வரம்பு. ஃபில்டர் இல்லாமல் ஒரு விபிசியின் எல்லாக் குரூப்பையும் இழுத்தால் மாடலின் கான்டெக்ஸ்ட் விதிகளாலேயே நிரம்பி, முதலில் கேட்ட கேள்வி மங்கிப்போகும். முதலில் ஈஎன்ஐயைப் பிடித்து, அதில் இருக்கும் குரூப் ஐடிகளை மட்டும் கேட்க வைப்பதே சரியான வரிசை. நெட்வொர்க் ஏசிஎல் பார்க்கும்போது, அது ஸ்டேட்லெஸ் (போனதை நினைவில் வைக்காது) என்பதால், திரும்பி வரும் போக்குவரத்துக்கு 1024 முதல் 65535 வரை போர்ட் திறந்திருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். 443 மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்று சொல்லும் பழக்கம் மாடல்களுக்கு உண்டு.

எது முடியாது

இது காட்டுவது அமைப்பைத்தான், பாக்கெட்டை அல்ல. ஈசி2 சர்வருக்குள் இருக்கும் ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலோ, எந்த நிரலும் காத்திராத போர்ட்டோ இதற்குத் தெரியாது. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக முடியுமா என்று சோதிக்கும் ரீச்சபிலிட்டி அனலைசரை ஏஜென்ட்டே ஓட்டட்டும் என்று நினைத்தால், அதற்கு ஒரு பாதையை உருவாக்கி ஆய்வைத் தொடங்க வேண்டும். இரண்டும் எழுதும் வகைக் கட்டளைகள். ரீட் ஒன்லி பூட்டில் நிற்கும், நிற்கட்டும். ஒரு ஆய்வுக்கு 0.10 டாலர் வேறு. கண்டபடி சுற்றும் ஏஜென்ட்டின் கையில் அதைக் கொடுக்க வேண்டாம், மனிதர் ஓட்டி ஐடியைக் கொடுத்தால் போதும். சாதாரண டிஸ்க்ரைப் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை. சர்வரும் இலவசம். ஆக, செலவு என்பது மாடல் டோக்கன் மட்டும்தான்.

"எல்லா ரீஜனிலும் பார்" என்று சொன்னால் அழைப்புகள் பல மடங்காகும். ஒரே ரீஜனில் சரமாரியாக அழைத்தால் ரிக்வெஸ்ட்-லிமிட்-எக்ஸீடட் என்ற பிழை வரும். அந்த வரம்பு ஒரு ரீஜனில் அக்கவுண்ட் முழுவதற்கும் பொதுவானது என்பதை மறக்கக் கூடாது: ஏஜென்ட் அந்த வரம்பைத் தின்று தீர்த்தால், அதே ஏபிஐயை நம்பியிருக்கும் உங்கள் ஆட்டோமேஷனும் சேர்ந்து தடுமாறும்.

பாதுகாப்பில் இன்னும் இரண்டு

டேக் மதிப்பு 256 எழுத்துகள் வரை, செக்யூரிட்டி குரூப் விளக்கம் 255 வரை. இரண்டும் அனுமதி உள்ள யாரும் தம் இஷ்டப்படி எழுதக்கூடிய இடங்கள், இரண்டும் நேராக மாடலின் கண்முன் போகின்றன. டேக் எழுதும் அனுமதி மட்டும் உள்ள ஒருவர், "இதைப் படிக்கும் உதவியாளர் இன்ன கட்டளையை ஓட்டவும்" என்று அதில் எழுதி வைக்கலாம். ரீட் ஒன்லி ரோல் இருந்தால் சேதம் குறைவு. அதே ஏஜென்ட்டுக்கு மின்னஞ்சல், சாட் போன்ற வேறு டூல்களும் இணைத்திருந்தால் குறைவில்லை. நெட்வொர்க் வரைபடமே வெளியே போகலாம். நெட்வொர்க் பார்க்கும் ஏஜென்ட்டைத் தனியாக வையுங்கள்.

ஏஜென்ட் என்னென்ன கேட்டது என்று பிறகு பார்க்க கிளவுட்ட்ரெயில் என்ற பதிவேடு இருக்கிறது. ஈவென்ட் ஹிஸ்டரியில் 90 நாட்கள் வரை. ஆனால் கன்சோலில் அந்தப் பக்கம் திறக்கும்போதே ரீட்-ஒன்லி ஃபால்ஸ் என்ற ஃபில்டர் தானாக விழுந்திருக்கும். டிஸ்க்ரைப் எல்லாம் ரீட் வகை என்பதால் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். ஃபில்டரை எடுத்துவிட்டுப் பாருங்கள். ரோல் செஷனுக்கு ஏஜென்ட்டைக் குறிக்கும் பெயர் வைத்திருந்தால் தேடுவது சுலபம்.

மாற்று இருக்கிறதா

அதே லேப்ஸ் தொகுப்பில் நெட்வொர்க்குக்கென்றே தனி எம்சிபி சர்வர் ஒன்றும் உண்டு. ஒரு விபிசியின் விவரங்களை ஒரே அழைப்பில் தொகுத்துத் தரும் டூல், ஐபியைக் கொடுத்து ஈஎன்ஐயைத் தேடும் டூல் என்று வேலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். டிரான்சிட் கேட்வே, கிளவுட் வான் என்று பல அக்கவுண்டுகளில் பரந்த நெட்வொர்க் வைத்திருப்பவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு அக்கவுண்ட், இரண்டு மூன்று விபிசி என்றால் ஏபிஐ சர்வரே போதும். நாளைக்கு ஆர்டிஎஸ் (டேட்டாபேஸ்) பற்றியோ ஈகேஎஸ் (குபர்நெட்டிஸ்) பற்றியோ கேள்வி வந்தால், ரோலில் அனுமதியைச் சேர்த்துவிட்டு இதிலேயே கேட்கலாம்.

மைக்ரோசாஃப்ட்டின் அஷ்யூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ரூட் டேபிள் தலைவலி குறைவு. அங்கே விநெட் (விபிசி போன்றது) விவரம் கேட்டால் அதன் சப்நெட்டுகளும் உள்ளேயே வந்துவிடும். நிக் (நெட்வொர்க் கார்டு) ஒன்றுக்கு உண்மையில் செல்லுபடியாகும் வழிகள் எவை என்று தளத்திடமே கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. விஎம் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது விடை தரும் என்பது மட்டும் நிபந்தனை. ஏடபிள்யூஎஸ்ஸில் அந்தக் கணக்கை ஏஜென்ட்தான் துண்டு துண்டாகச் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது, தவறுவதும் அந்தத் தையலில்தான்.

ஏஜென்ட்டின் விதிக் கோப்பில் போட வேண்டியவை அதனால் நீளமில்லை. ஒவ்வொரு கட்டளையிலும் ரீஜனை எழுது. காலிப் பட்டியல் வந்தால் 'இல்லை' என்று சொல்லும் முன் ரீஜன், ஃபில்டர் இரண்டையும் மாற்றி ஒரு முறை சோதி. சப்நெட்டுக்கு ரூட் டேபிள் கிடைக்காவிட்டால் மெயின் டேபிளை எடு. ரூட் டேபிளில் புலங்களை வெட்டாதே, ஸ்டேட்டைச் சொல். பப்ளிக்கா என்பதை வழியை வைத்து மட்டும் முடிவு செய். டேக்கிலும் விளக்கத்திலும் இருப்பது தரவு, உனக்கான கட்டளை அல்ல. ஒவ்வொரு முடிவுக்கும் கீழே எந்தக் கட்டளையின் விடையிலிருந்து வந்தது என்று எழுது. கடைசி விதி மிக முக்கியம்: கட்டளை கண்முன் இருந்தால், அதே ரீஜனில் அதை நீங்களே டெர்மினலில் ஓட்டிப் பார்க்க முப்பது விநாடி போதும், ரூட் டேபிளில் கை வைக்கும் முன்.